நிகழ்ச்சி நிரல் இல்லாத மாநாடு: போனால் என்ன கிடைக்கும்?

2012 ஆகஸ்ட் கடைசி வாரம். அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு நியூ ஆர்லியன்ஸ் நகரில் கூடவிருந்தது. எந்த அறையில், எத்தனை மணிக்கு, யார் பேசுவார் என்பதெல்லாம் முடிவாகியிருந்த நேரத்தில் ஐசக் புயல் கரையை நெருங்கியது. மாநாடு ரத்தானது. வாசிக்கப்பட வேண்டிய ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றும் அழிந்துவிடவில்லை. எழுதியவரிடம் கேட்டிருந்தால் மின்னஞ்சலில் வந்திருக்கும். அப்படியானால் அந்த ரத்தினால் என்னதான் போயிற்று? ராக்கெல் காம்போஸ், ஃபெர்னாண்டா லியோன், பென் மெக்குவிலின் ஆகிய மூவரும் இதைக் கணக்கிட்டு 2018இல் வெளியிட்டார்கள். அங்கே சந்தித்திருக்கக்கூடிய ஆய்வாளர்கள் பிற்பாடு சேர்ந்து கட்டுரை எழுதும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்திருந்தது.

மாநாடுகளுக்குப் போய்வந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. மேடையில் கேட்டதைவிடத் தேநீர் வரிசையில் நின்று பேசியதுதான் உதவியது என்று சொல்லாதவர்கள் குறைவு. அப்படியென்றால் மேடையை எடுத்துவிட்டுத் தேநீர் நேரத்தை மட்டும் நாள் முழுவதும் நீட்டினால் என்ன? அழைக்கப்பட்ட பேச்சாளர் இல்லை, முன்கூட்டி அச்சடித்த நிரல் இல்லை, வந்தவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். கடந்த 40 ஆண்டுகளில் நிர்வாக ஆலோசகர்களும் மென்பொருள் எழுதுபவர்களும் பள்ளி ஆசிரியர்களும் இதை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்து, பயணச் செலவு செய்து இப்படிப்பட்ட கூடுகைக்குப் போவது தகுமா என்ற கேள்விக்கு விடை தேட இப்போது போதிய அனுபவமும் ஆய்வும் இருக்கின்றன.

நிரல் சுவரில் பிறக்கும் முறை

இந்த முறைக்கு வடிவம் கொடுத்தவர் ஹாரிசன் ஓவன். 1983இல் அவர் ஒரு மாநாட்டை ஏறக்குறைய ஓராண்டு உழைத்து நடத்தி முடித்தார். வந்தவர்கள் அதில் மிகவும் ரசித்தது காபி இடைவேளைகளைத்தான் என்பதைக் கவனித்தார். முன்பு லைபீரியாவின் பலாமா என்ற சிற்றூரில் அவர் பார்த்த ஒரு சடங்கு விழாவும் நினைவில் இருந்தது. ஏற்பாட்டுக் குழு எதுவும் கண்ணில் படாமலே பல நாட்கள் ஒழுங்காக நடந்த விழா அது. 1985இல் கலிபோர்னியாவின் மான்டரேயில் கூடிய மாநாட்டில் பேச்சாளர் பட்டியலையே விட்டுவிட்டார். வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பேச விரும்பியவர் எழுந்து தன் தலைப்பைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். சில மணி நேரத்துக்குள் மாநாட்டின் முழு நிரலும் சுவரில் இருந்தது. திறந்தவெளி முறை என்று அது பெயர்பெற்றது.

அதில் ஒரு விதி முக்கியமானது. ஓர் அமர்வில் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்று தோன்றினால் எழுந்து வேறிடம் போய்விட வேண்டும். வழக்கமான மாநாட்டில் பாதியில் வெளியேறுவது பேச்சாளரை அவமதிப்பதாகக் கருதப்படும். இங்கே உட்கார்ந்து நேரத்தைப் போக்குவதுதான் தவறு.

கணினித் துறையில் இது வேறு வழியாகப் பரவியது. பதிப்பாளர் டிம் ஓ'ரெய்லி 2003இல் தொடங்கிய ஃபூ கேம்ப் என்ற கூடுகை அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமானது. 2005 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் சில இளைஞர்கள் யாரும் வரலாம் என்ற அறிவிப்போடு பார்கேம்ப் என்ற கூடுகையை ஆறே நாளில் ஏற்பாடு செய்தார்கள். சுமார் 200 பேர் வந்தார்கள். முதல்முறை வருபவர் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும் என்பது அங்கே எதிர்பார்ப்பு. பார்வையாளராக மட்டும் யாரும் இருக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. இந்தியாவுக்கு இது அடுத்த ஆண்டே வந்துவிட்டது. 2006இல் சென்னையிலும் பார்கேம்ப் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டைடல் பார்க்கில் வலைப்பதிவர்கள் இதே முறையில் கூடினார்கள். மியான்மரில் இராணுவ ஆட்சி இறுக்கம் முழுதாகத் தளராத காலத்திலேயே யாங்கூன் பார்கேம்புக்கு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்தார்கள். 2012இல் ஆங் சான் சூச்சி அதன் தொடக்கத்தில் பேசினார்.

சக தொழிலரிடமிருந்து கற்பது

நிபுணர் இல்லாமல் கற்க முடியுமா? தெரியாதவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதாக ஆகிவிடாதா? இந்த ஐயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வொன்று 2009இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கொலராடோ பல்கலைக்கழக மரபணுவியல் வகுப்பில் மிஷேல் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் அதை நடத்தினார்கள். மாணவர்கள் ஒரு கேள்விக்குத் தனித்தனியாக விடை குறித்தார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து மறுபடி குறித்தார்கள். சரியான விடையைச் சொல்லாமலேயே, அதே கருத்தைச் சோதிக்கும் இரண்டாவது கேள்வி தரப்பட்டது. அதற்குத் தனியாக விடையளித்தபோது சரியாகச் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். முதல் சுற்றில் குழுவில் ஒருவருக்கும் விடை தெரியாமல் இருந்த இடங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. விவாதமே புரிதலை உண்டாக்கியிருந்தது.

வேலை செய்யும் இடத்திலும் இதற்குச் சான்று உண்டு. ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றித் திரிந்து ஆராய்ந்தார். நிறுவனம் அவர்களுக்குத் தடிமனான கையேடு கொடுத்திருந்தது. எந்தப் பிழைக் குறியீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் வரிசையாக இருந்தது. ஆனால் உண்மையான இயந்திரங்கள் கையேட்டின்படி பழுதாகவில்லை. பழுதுபார்ப்பவர்கள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து, முந்தைய நாள் தங்களைத் திணறடித்த இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அந்தக் கதைகளில்தான் தொழிலின் நுட்பம் இருந்தது என்பதை ஜூலியன் ஓர் 1996இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். மேலிருந்து பார்த்தால் வெட்டிப்பேச்சாகத் தெரிந்தது அவர்களுக்குப் பயிற்சி வகுப்பாக இருந்தது.

நிரலில்லாக் கூடுகையின் முதல் பலம் இங்கே இருக்கிறது. வெற்றிக் கதைகளை மேடைகள் சொல்லிவிடும். எது சரியாக வரவில்லை, ஏன் வரவில்லை, எப்படிச் சமாளித்தோம் என்பதைப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில்தான் ஒருவர் திறந்து சொல்வார். அதற்குப் பாடநூல் கிடையாது. அதே வேலையைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்களிடம்தான் கேட்க முடியும்.

ஆனால் கொலராடோ ஆய்வில் ஒன்றை மறக்கக் கூடாது. விவாதித்தவர்கள் மாணவர்கள் என்றாலும் கேள்வியைத் தேர்ந்தெடுத்தவர் ஆசிரியர். எந்த இடத்தில் குழப்பம் வரும் என்று தெரிந்து, அதைக் கிளறும்படியாக அவர் கேட்டார். கூடுகையில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. நல்ல கேள்வியோடு ஒருவர் வராவிட்டால், அந்த அறையில் நல்ல விவாதமும் எழாது.

கதவைத் திறந்தால் மட்டும் போதாது

சந்திப்பின் பயனுக்கும் இதேபோல் ஒரு நிபந்தனை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இங்ராம், மைக்கேல் மாரிஸ் இருவரும் சுமார் 100 நிர்வாகிகளை ஒரு மாலை விருந்துக்கு அழைத்து, சட்டையில் குத்திக்கொள்ள மின்னணுப் பெயர்ப்பட்டை கொடுத்தார்கள். யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசினார் என்பதை அது பதிவு செய்தது. புதியவர்களைச் சந்திப்பதே நோக்கம் என்று கிட்டத்தட்ட எல்லாரும் முன்னதாகச் சொல்லியிருந்தார்கள். உள்ளே போனபின் அவர்கள் நாடியது ஏற்கெனவே தெரிந்த முகங்களைத்தான். 2007இல் வெளியான இந்த ஆய்வு, கூட்டத்தை அதன் போக்கில் விட்டால் கலந்து பழகிவிடும் என்ற நம்பிக்கையைத் தகர்க்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் நடந்த சோதனையை வைக்கலாம். கெவின் பூட்ரோவும் உடனாய்வாளர்களும் மருத்துவ ஆராய்ச்சியாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 90 நிமிடக் கருத்துப் பரிமாற்ற அமர்வுகளில் உட்காரவைத்தார்கள். ஒரே அறையில் அமர்ந்த இருவர் பின்னர் சேர்ந்து நிதிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு 75 சதவீதம் கூடியது. ஒன்றரை மணி நேரத்துக்குக் கிடைத்த பலன் இது. அவர்கள் தாமாக உலவவில்லை. யார் எந்த அறைக்கு என்பதைப் பிறர் முடிவு செய்து, ஒவ்வொருவரும் தன் ஆய்வைச் சொல்லும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே கலிபோர்னியாவின் கணினிப் பித்தர்கள் சந்திப்பையும் ஒழுங்கமைக்க வேண்டும் என்பதைக் கண்டுகொண்டிருந்தார்கள். 1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் கொட்டகையில் 30 பேருக்குச் சற்றுக் கூடுதலானவர்கள் கூடினார்கள். ஹோம்ப்ரூ கணினிக் கழகம் அங்கே தொடங்கியது. விரைவில் கூட்டம் பெருகி, ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் அரங்குக்கு மாறியது. அதை நடத்தியவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். முதல் பகுதியில் அவர் ஒவ்வொருவரையும் சுட்டிப் பேசவைப்பார்: என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், என்ன வேண்டும், என்ன தர முடியும். யாரையும் நீட்டி முழக்க விடமாட்டார். யாரிடம் எது இருக்கிறது என்ற வரைபடம் அரங்கில் இருந்தவர்கள் மனத்தில் பதிந்தபின் இரண்டாம் பகுதி தொடங்கும். அப்போது தேவையானவரைத் தேடிப் போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஸ்டீவ் வாஸ்னியாக் முதல் கூட்டத்திலேயே இருந்தார். அங்கே கிடைத்த உந்துதலில் வடிவமைத்த கணினியின் சுற்றுப் படத்தை நகலெடுத்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தார். 1976இல் ஆப்பிள் 1 ஆக விற்பனைக்கு வந்தது அதுதான்.

ஹோம்ப்ரூ கழகத்தைக் கட்டுப்பாடற்ற கூட்டத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். உண்மையில் அதன் உள்ளடக்கம் மட்டுமே திட்டமிடப்படவில்லை. சந்திப்பு நடக்கும் முறை கவனமாகத் திட்டமிடப்பட்டிருந்தது.

சமமானவர்கள் என்ற தோற்றம்

தளர்வுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஓவன் மான்டரேயில் வட்டம் போட்ட அதே 1985இல், ஹரால்ட் ஸ்டாசர், வில்லியம் டைடஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவும் மாணவர் தலைவர் பதவிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில தகவல்கள் நால்வருக்கும் தெரியும். சில தகவல்கள் ஒருவருக்கு மட்டுமே தெரியும். எல்லாவற்றையும் கொட்டிச் சேர்த்துப் பார்த்தால்தான் சிறந்த வேட்பாளர் யார் என்பது புலப்படும். பெரும்பாலான குழுக்கள் தவறவிட்டன. காரணம், எல்லாருக்கும் தெரிந்ததையே அவர்கள் திரும்பத் திரும்பப் பேசினார்கள். தனக்கு மட்டும் தெரிந்ததை ஒவ்வொருவரும் சொல்லாமலே விட்டார்கள். வழிநடத்துநர் இல்லாத அமர்வுகள் பல ஏன் சுவாரசியமாக இருந்தும் புதிதாக எதையும் தராமல் முடிகின்றன என்பதற்கு இது நல்ல விளக்கம்.

அமெரிக்கப் பெண் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த ஜோ ஃப்ரீமன் 1970இல் ஆற்றிய உரையொன்று இதைவிடக் கடுமையான கேள்வியை எழுப்பியது. தலைமை வேண்டாம், அமைப்பு வேண்டாம் என்று முடிவெடுத்த பெண்கள் குழுக்களுக்குள் அவர் இருந்தவர். அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது என்றார் அவர். எழுதப்பட்ட விதிகளை நீக்கினால் எழுதப்படாத விதிகள் ஆளும்; முன்பே நட்பாக இருந்த சிலர் கையில் அதிகாரம் சேரும்; தேர்ந்தெடுக்கப்படாததால் அவர்களைக் கேள்வி கேட்கவும் முடியாது. தொழில்முறைக் கூடுகைகளுக்கும் இது பொருந்தும். சுவரில் யார் வேண்டுமானாலும் தலைப்பு ஒட்டலாம் என்பது விதி. எழுந்து போய் ஒட்டும் துணிச்சல் பழையவர்களுக்கும், ஆங்கிலம் சரளமாக வருபவர்களுக்கும், பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ள முடிந்தவர்களுக்கும் எளிதாக வரும். முதல்முறை வந்த இளம்பெண் பின்வரிசையில் இருந்துவிட்டுப் போவார். அவர் தலைப்பு ஒட்டாததை விருப்பமின்மை என்று எடுத்துக்கொள்ளும் அமைப்பாளர், தன் கூடுகையை எல்லாருக்கும் பொதுவானது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆசிரியர்கள் செய்து பார்த்தது

இந்த முறை அதிகமாக ஆராயப்பட்ட தொழில்களில் ஒன்று ஆசிரியப் பணி. ஃபிலடெல்ஃபியா பார்கேம்பில் சந்தித்துக்கொண்ட ஆசிரியர்கள் 2010 மே மாதம் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் எட்கேம்ப் என்ற கூடுகையைத் தொடங்கினார்கள். கட்டணம் கிடையாது, சனிக்கிழமையில் விரும்பியவர் வரலாம், காலையில் அட்டவணையை அவர்களே நிரப்புவார்கள். அமெரிக்கா முழுவதும் அது பரவியது. 2014இல் நாட்டின் கல்வித் துறையே தன் வளாகத்தில் எட்கேம்ப் நடத்தியது.

அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு வழக்கமான பயிற்சிகளின் நிலையும் காரணம். டிஎன்டிபி என்ற கல்வி அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது பார்வையிட்ட பெரிய கல்வி மாவட்டங்கள் ஓர் ஆசிரியரின் மேம்பாட்டுக்காக ஆண்டுக்குச் சராசரியாக 18,000 டாலரை நெருங்கும் தொகையைச் செலவிட்டன. கணிசமாக முன்னேறியவர்கள் பத்தில் மூவர் மட்டுமே. கட்டாயப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்த அனுபவம் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கும் புதிதல்ல. திட்டமிட்ட பயிற்சி என்றாலே பயன் உறுதி என்று யாரும் சொல்லிவிட முடியாது. தளர்வான கூடுகையை எடைபோடும்போது தராசின் மறுதட்டில் வைக்க வேண்டியது இதைத்தான்.

எட்கேம்புக்கு வந்தவர்களை எலான் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்ப்பென்டர் தொடர்ந்து ஆராய்ந்தார். தேர்ந்தெடுக்கும் உரிமையையும் சக ஆசிரியரோடு பேசக் கிடைத்த வாய்ப்பையும் பெரும்பாலோர் பாராட்டினார்கள். வகுப்பறையில் மாற்றம் செய்ததாகப் பலர் சொன்னார்கள். சில அமர்வுகள் ஆழமில்லாமல் போயின, ஒழுங்காக வழிநடத்தப்படவில்லை என்ற குறைகளும் வந்தன. இவை பங்கேற்றவர்கள் தாங்களே சொன்னவை என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஏனென்றால் கற்ற உணர்வும் கற்றலும் ஒன்றல்ல. ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் லூயி டெலாரியேவும் சகாக்களும் நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனையில், தெளிவான விரிவுரையைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். கேள்விகளோடு தாங்களே மல்லுக்கட்டியவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வில் முடிவு தலைகீழாக வந்தது. எனவே கூடுகை முடிந்த மாலையில் மனநிறைவோ சலிப்போ எதுவாக இருந்தாலும், அதை வைத்து அந்த நாளை மதிப்பிட முடியாது. மூன்று மாதம் கழித்து வேலையில் என்ன மாறியது, அங்கே சந்தித்தவர்களில் யாரிடம் மறுபடி பேசினோம் என்பதே நம்பத்தக்க கணக்கு.

யாருக்குத் தகும்?

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. போவது தகும், ஆனால் எல்லாருக்கும், எல்லாத் தேவைக்கும் அல்ல. தொழிலில் சில ஆண்டுகள் இருந்து, தீர்க்க முடியாத ஒரு சிக்கலைக் கையில் வைத்திருப்பவருக்கு இது விலை உயர்ந்த மாநாட்டைவிட அதிகம் தரக்கூடும். அடிப்படையே இனிமேல்தான் கற்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஒழுங்கான பாடத்திட்டமும் பொறுமையான ஆசிரியரும் வேண்டும். நாற்பது நிமிட உரையாடல்கள் அதற்கு ஈடாகாது.

இந்த வேறுபாட்டைத் தமிழர்களின் கூடுகைகளிலேயே பார்க்கலாம். 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர்கள் பட்டறை நடத்தியபோது, கணினியில் தமிழ் தட்டச்சு செய்வதையும் வலைப்பதிவு தொடங்குவதையும் பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். புதியவருக்குத் தேவையானது கையைப் பிடித்துக் காட்டும் பாடம். அதைப் பாடமாகவே தந்தார்கள். 1998இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு வேறொரு வழியில் பலம் பெற்றது. ஐஐடி வளாகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது அதன் வழக்கமாக இருந்தது. இம்மாதம் கேட்ட கேள்விக்கு அடுத்த மாதம் விடை வரலாம். இம்முறை கேட்டுக்கொண்டிருந்தவர் அடுத்த முறை பேசலாம். ஒருநாள் கூடுகையில் கிடைக்காத தொடர்ச்சி அது.

உலகளவில் நிலைத்த கூடுகைகளும் தளர்வை அளவோடு வைத்துக்கொண்டவைதான். 2009 அக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபுவா தொடங்கிய டெவாப்ஸ்டேஸ் என்ற மென்பொருள் துறைக் கூடுகையில் காலையில் தயாரித்த உரைகள், பிற்பகலில் திறந்தவெளி அமர்வுகள். காலை உரை எல்லாருக்கும் பொதுவான ஒரு தளத்தைத் தருகிறது; பிற்பகல் விவாதம் அங்கிருந்து கிளம்புகிறது. 2005 முதல் நடந்துவரும் இணைய அடையாளப் பட்டறையில் நிரல் அன்றன்று காலையில்தான் உருவாகிறது, ஆனால் அமர்வுகளின் குறிப்புகள் எழுதித் தொகுக்கப்படுகின்றன. பல இணையதளங்களில் ஒரே கணக்கைக் கொண்டு நுழைய உதவும் ஓஆத், ஓப்பன்ஐடி போன்ற தரநிலைகளின் வளர்ச்சியில் அந்தப் பட்டறை விவாதங்களுக்குப் பங்குண்டு. பேசியது எழுத்தில் நின்றதால்தான் அடுத்த கூட்டம் பழைய இடத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டியதில்லாமல் போயிற்று. ஜெராக்ஸ் நிறுவனமும் இதைப் புரிந்துகொண்டு, பழுதுபார்ப்பவர்கள் கண்டுபிடித்த தீர்வுகளை அவர்களே சரிபார்த்துப் பதியும் யுரேகா என்ற தரவுத்தளத்தை 1990களில் உருவாக்கியது.

ஆகவே அழைப்பு வந்ததும் நிரல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். யார் வழிநடத்துகிறார்கள், புதியவரைப் பேசவைக்க என்ன ஏற்பாடு, குறிப்பு எடுப்பவர் உண்டா, அடுத்த கூட்டம் எப்போது என்று அமைப்பாளரிடம் கேட்கலாம். இவற்றுக்குப் பதில் இருந்தால் நிரல் இல்லாதது குறையே அல்ல. போகிறவருக்கும் வேலை இருக்கிறது. கடந்த சில மாதங்களில் தன்னைத் திணறடித்த ஒரு சிக்கலை அரைப் பக்கத்தில் எழுதி எடுத்துப் போக வேண்டும். தான் தீர்த்த ஒன்றைப் பத்து நிமிடத்தில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். முன்பின் தெரியாத மூவரிடமாவது பேச வேண்டும். ஊழியரை அனுப்பும் நிறுவனமோ பள்ளியோ சான்றிதழ் கேட்பதற்குப் பதிலாக, திரும்பி வந்த வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அங்கே கேட்டதைச் சக ஊழியர்களுக்குச் சொல்லவைக்கலாம். விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பினால் பலனில்லை; எழுந்து போகும் உரிமையை நம்பி இயங்கும் கூட்டத்தில், வராமலிருக்கும் உரிமையும் அதே அளவு அவசியம்.